இருபத்தேழாவது கேள்வி

என் மாமனார் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தெட்டு வருடமாக அதே வேலை. மூடிய சின்ன அறைக்குள் முன்பின் தெரியாத ஆணும் பெண்ணும் அருகருகே நின்று மேலே போகவும் கீழே வரவும் வழி செய்து கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. கட்டின மனைவியைத் தவிர வேறொரு பெண்ணோடு மூடிய அறைக்குள் தனியாக இருக்கவே கூடாது என்பது அவர் கொள்கை. இந்த இரண்டையும் ஒரே மனிதர் எப்படிச் சமாளித்தார் என்று கேட்பீர்கள். படியேறித்தான். பதினொரு மாடிக் கட்டடத்தில் லிஃப்டைப் பழுது பார்த்துவிட்டு, சோதித்துப் பார்க்க அதில் ஏறி வருவார். எட்டாவது மாடியில் ஒரு பெண்மணி உள்ளே வந்தால் இவர் வெளியே வந்துவிடுவார். "பயப்படாதீங்கம்மா, லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கி ஓடுகிற மெக்கானிக்கைப் பார்த்து, எத்தனை பேர் தாங்களும் அலறியடித்து இறங்கினார்களோ தெரியாது.

சபையில் அவருக்கு 'இன்டர்லாக் ஐயா' என்று பேர். அது எப்படி வந்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும். எங்கள் சபையில் நிச்சயமான ஜோடிகள் ஆறு வாரம் கல்யாண ஆயத்த வகுப்புக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் போதகர் ஓலை வாசிக்க மாட்டார். ஓலை என்பது கல்யாண அறிவிப்பு. இன்னாரும் இன்னாரும் மணமுடிக்கப் போகிறார்கள், தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு ஆராதனையில் எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள். அந்த வகுப்பை இருபது வருடமாக எடுத்தவர் என் மாமனார்.

மற்ற பாடங்கள் ஒரு மணி நேரம் ஓடும். நாலாவது வாரம் வருகிற 'சரீரம்' என்ற பாடம் மட்டும் பதினொரு நிமிடம். பழைய லிஃப்ட் கதவிலிருந்து கழற்றிய ஒரு பூட்டை மேஜைமேல் வைப்பார். "இதுக்குப் பேரு இன்டர்லாக். கதவு முழுசா மூடிப் பூட்டினாத்தான் லிஃப்ட் நகரும். கால் இஞ்ச் திறந்திருந்தாலும் நகராது, நகரவும் கூடாது. நகர்ந்தா ஆள் காலி. கதவுங்கறது கல்யாணம். லிஃப்ட்டுங்கறது என்னன்னு நீங்களே புரிஞ்சுக்குங்க." அவ்வளவுதான் பாடம். உடனே ஜெபம். நானும் என் மனைவியும் கல்யாணமான மறுநாள் வெளியூரில் ஒரு விடுதிக்குப் போனோம். அங்கே லிஃப்ட் கதவு மூடி 'டக்' என்று பூட்டிய சத்தம் கேட்டதுதான் தாமதம், இரண்டு பேருக்கும் முகமெல்லாம் சூடாகிவிட்டது. நாலு மாடியும் கூரையைப் பார்த்துக்கொண்டே போனோம்.

அதற்கு முன்னால் அவர் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமா? நிச்சயமான ஜோடிகள் எப்படிப் பழக வேண்டும் என்று பதினாலு விதிகள் எழுதி, என் ஜெராக்ஸ் கடையிலேயே பிரதி எடுத்து எல்லோருக்கும் கொடுப்பவர் அவர். குடும்பத்தில் கல்யாணமான ஒரு தம்பதி கூடவே இருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நாற்காலி, அதில் ஒரு ஆள். கதவு திறந்திருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரம். பதினொரு மாதம் நானும் அவர் மகளும் அவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசினோம். அவள் எனக்கு டீ கொடுத்தால் இவர் கைக்கு வந்து, இவர் கையிலிருந்து என் கைக்கு வரும். ஒரு தடவை அவளுக்கு ஒரு கவிதை எழுதிக் கொண்டுபோனேன். வாங்கிப் படித்துப் பார்த்து, மூன்றாவது வரியில் 'இதழ்' என்ற சொல்லை அடித்துவிட்டு அவளிடம் கொடுத்தார். அந்த வரிக்கு அப்புறம் அர்த்தமே இல்லை.

இவ்வளவு வயிற்றெரிச்சலோடு சொல்கிறேனே தவிர, அவர் வேஷக்காரர் இல்லை. ஊருக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று அவரிடம் கிடையாது. தான் நம்பினதைத்தான் சொன்னார், சொன்னதைத்தான் செய்தார். அதனால்தான் அவரைத் திட்டவும் முடியாமல், தாங்கவும் முடியாமல் இத்தனை வருடம் ஓட்டினேன்.

மாமியார் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. மாமாவுக்கு அறுபத்தொன்று. அப்போதுதான் ஒரு ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றுபோனது. உள்ளே ஒரு அம்மா. நாலாவது மாடியில் பல்செட் செய்கிற பட்டறை வைத்திருப்பவர், ஐம்பத்தைந்து வயது, கணவர் இறந்து ஆறு வருடம். கையில் ஒரு தட்டு, தட்டில் மூன்று பல்செட். நின்றுபோன லிஃப்டைக் கையால் நகர்த்த இரண்டு பேர் வேண்டும். மேலே மோட்டார் அறையில் ஒருவர் பிரேக்கை விடுவித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். அந்த இன்னொரு மெக்கானிக் வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது.

உள்ளே மாட்டிக்கொண்டவரைப் பேச வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் விதி. மாமா விதியை மீறுகிற ஆளா? மூன்றாவது மாடிக் கதவுக்கு வெளியே நின்று பேசினார். விபத்துப் படிவத்தை நிரப்பலாம் என்று ஆரம்பித்தாராம்.

"உங்க வீட்டுக்காரர் பேர் சொல்லுங்கம்மா. தகவல் சொல்லணும்."

"அவருக்குத் தகவல் சொல்றது கஷ்டம். பரலோகத்துல இருக்கார்."

"மன்னிச்சுக்குங்கம்மா."

"பரவாயில்ல. உங்க வீட்ல?"

"அவங்களும் அங்கதான்."

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்ததாம். அவரும் சிரித்துவிட்டாராம். மனைவி இறந்த பிறகு அவர் ஒரு பெண்ணோடு நாற்பது நிமிடம் பேசியது அதுதான் முதல் தடவை. நடுவில் பூட்டிய இரும்புக் கதவு இருந்ததால் கொள்கைக்கும் பழுதில்லை. பேச்சுவாக்கில் அந்த அம்மாவும் எங்கள் சபைதான், ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற இன்னொரு கிளைக்குப் போகிறவர் என்று தெரிந்தது. அடுத்த மாதமே அந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு நாலு தடவை எண்ணெய் போட்டார். அவ்வளவு எண்ணெயை அந்த லிஃப்ட் ஜென்மத்தில் பார்த்திருக்காது.

ஒரு சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, "மாப்ள, ஒரு தம்பதி தேவைப்படுது" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் மனைவிக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் எழுந்து சமையலறைக்குள் போய், பத்து நிமிடம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "வரச் சொல்லுங்கப்பா. விதிப்படி எல்லாம் நடக்கும்" என்றாள். அந்த 'விதிப்படி' என்ற சொல்லை அவள் சொன்ன விதத்தைக் கேட்டு எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து நாலு மணி வரை. நடு நாற்காலியில் என் மனைவி. மடியில் பதினாலு விதித் தாள், கையில் அன்றைக்கு மாமா எங்களுக்கு நேரம் பார்த்த அதே பழைய கடிகாரம். அந்த அம்மா பிஸ்கட் கொண்டுவந்தால் இவள் வாங்கி, எண்ணி, இரண்டை அப்பாவிடம் கொடுப்பாள். ஒரு நாள் அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, "பட்டறையில கூட்டம் அதிகமா?" என்று கேட்டார். "அப்பா, சாயாதீங்க. ஏழாவது விதி" என்றாள். சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினொரு மாதம் நான் பட்டதெல்லாம் ஒரு மணி நேரத்தில் ஆறியது. நான் மூலையில் பேப்பர் படிக்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தேன்.

ஆனால் என் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவளுக்கு அந்த அம்மாவைப் பிடித்திருந்தது. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டு வருகிறார், மீசையைக் கத்தரித்து வருகிறார். "எங்கம்மா இருந்தப்போ இந்த மனுஷன் கண்ணாடி பார்த்து நான் பார்த்ததில்ல" என்று பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

பிறகு ஆயத்த வகுப்பு. ஜோடிக்கு வயசாகிவிட்டது என்பதற்காக வகுப்பை விட்டுவிட மாமா ஒப்புக்கொள்வாரா? அவரால் தனக்குத்தானே பாடம் நடத்த முடியாது என்பதால் போதகர் நடத்தினார். போதகருக்கு முப்பத்திரண்டு வயது. மூன்று வருடம் முன்னால் மாமாவிடம் இதே வகுப்பில் உட்கார்ந்து எழுந்தவர். விதிப்படி நாங்களும் கூடப் போனோம். நாலாவது வாரம் போதகர் அந்தப் பூட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். "கதவு மூடலைன்னா லிஃப்ட்… வந்து… மெதுவாப் போகும்…" என்று ஆரம்பித்தார். "போகவே போகாது, போதகரே" என்று மாமா திருத்தினார். "கான்டாக்ட் சேரலைன்னா மோட்டாருக்குக் கரண்டே வராது." அந்த அம்மா கையைத் தூக்கினார். "எனக்கு லிஃப்ட் பத்தி நல்லாத் தெரியும், போதகரே. நாப்பது நிமிஷம் உள்ளயே இருந்திருக்கேன். நீங்க விஷயத்துக்கு வாங்க." போதகர் உடனே ஜெபத்துக்குப் போய்விட்டார். ஒன்பது நிமிடத்தில் பாடம் முடிந்தது, பழைய சாதனை முறிந்தது.

ஆறாவது வாரம் கேள்வித்தாள். முப்பது கேள்விகள். இருவரும் தனித்தனியாக எழுதி, போதகர் முன்னால் தாளை மாற்றிக்கொண்டு படிக்க வேண்டும். கேள்விகளை எழுதியவரும் மாமாதான். இருபத்தேழாவது கேள்வி இது: 'உங்கள் துணையாக வரப்போகிறவர்மேல் உங்களுக்கு ஆசை இருக்கிறதா? விளக்குக.' இளவட்டங்களுக்கு வைத்த பொறி அது. அளவுக்கு மீறி விளக்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு வகுப்பு உண்டு. யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று சரியான பதிலையும் அவரே முதல் வாரம் சொல்லிக் கொடுத்துவிடுவார்: 'தேவ சித்தத்தின்படி.' இருபது வருடத்தில் எங்கள் சபையில் மணமான அத்தனை பேரும் இருபத்தேழுக்கு அதைத்தான் எழுதினோம். போதகர் உட்பட.

மாமாவும் அதையே எழுதியிருந்தார், அழகான கையெழுத்தில். அந்த அம்மாவின் தாளை வாங்கிப் படித்துக்கொண்டே வந்தவர் இருபத்தேழுக்கு வந்ததும் காது மடல் வரை சிவந்துபோனார். விதிப்படி அதை நாங்களும் பார்க்க வேண்டும் என்பதால் நான் எட்டிப் பார்த்தேன். 'இருக்கிறது. அவர் கைகளைப் பார்த்தால் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது. எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் கொஞ்சம் கிரீஸ் இருக்கும். அந்தக் கை என் தலைமேல் இருந்தால் நன்றாகத் தூங்குவேன் என்று நினைக்கிறேன்.'

அந்த அம்மா இவருடைய தாளைப் படித்தார். மேஜைமேல் திருப்பி வைத்து அவர் பக்கம் தள்ளினார்.

"கர்த்தரோட சித்தம் என்னன்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் ஜெபம் பண்ணிட்டு வந்திருக்கேன். உங்க சித்தம் என்னன்னு சொல்லுங்க."

மாமா பேனாவைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன். ஒரு குறை சொல்ல மாட்டேன். இருபத்தாறு வருஷம் சமையல் நல்லாயிருக்குன்னு சொன்னார், வீடு சுத்தமா இருக்குன்னு சொன்னார். என்னைப் பத்தி ஒண்ணும் சொன்னதில்ல. எனக்கு மறுபடியும் அந்த மாதிரி ஒரு நல்ல மனுஷன் வேண்டாம். சமைக்க ஆள் வேணும்னா உங்களுக்கு வேற கிடைக்கும். மூணாவது ஓலை வாசிக்கிறதுக்குள்ள இதுக்குப் பதில் சொல்லுங்க. இல்லன்னா நானே எழுந்து தடைன்னு சொல்லிடுவேன்."

சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது.

முதல் ஓலை வாசித்தாயிற்று. செவ்வாய்க்கிழமை மாமா என் கடைக்கு வந்தார். வேலைக்கு விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம் என்று ஜனங்களுக்கு நான்தான் எழுதிக் கொடுப்பேன். அதனால் எனக்கு எழுத்து வரும் என்று அவருக்கு எண்ணம். வரிசையில் நின்று, முறை வந்ததும் மடித்த தாளை நீட்டினார். 'தங்கள்மேல் எனக்கு நல்லெண்ணமும் மரியாதையும் உண்டு என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.'

"மாமா, இது பேங்க்லேர்ந்து வர்ற கடிதாசி மாதிரி இருக்கு."

வியாழக்கிழமை இன்னொன்று: 'ஆசை: உண்டு. அளவு: அனுமதிக்கப்பட்ட கொள்ளளவுக்கு உட்பட்டது.'

"இது லிஃப்ட்ல ஒட்டுற தகடு மாமா. ஆறு பேர், நானூத்தெட்டு கிலோன்னு கீழ எழுதிட்டா முடிஞ்சுது."

நானே நாலு வரி எழுதிக் காட்டினேன். நிலவு, தென்றல் எல்லாம் போட்டிருந்தேன். படித்துவிட்டு, "இவ்வளவு பொய் ஒரே தாள்ல எழுதலாமா மாப்ள?" என்று வருத்தமாகக் கேட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவரை மிஷினுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார வைத்தேன்.

"அந்த வார்த்தையே பாவம்ங்கற மாதிரி இருபது வருஷம் சொல்லிக் கொடுத்துட்டேன் மாப்ள. இப்போ நல்ல விஷயத்தை அதே பேர் சொல்லிக் கூப்பிட வாய் வரமாட்டேங்குது. அது கல்யாணத்துக்கு உள்ள வந்த பிறகு பேச வேண்டிய பேச்சு. கதவு இன்னும் பூட்டல. அவங்க என்னடான்னா அதைச் சொன்னாத்தான் உள்ளயே வருவேங்கறாங்க."

முதல் தடவையாக எனக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது. போதகருக்கு போன் போட்டு வரவழைத்தேன். அவரும் பாவம், ஓடிவந்தார். கேட்டுவிட்டு மெல்லத்தான் ஆரம்பித்தார்.

"ஐயா, கதவு திறந்திருந்தா லிஃப்ட் நகராது. சரி. ஆனா பட்டனை அமுக்கினா விளக்கு எரியுமில்ல?"

மாமா யோசித்தார். தொழில் சம்பந்தமான கேள்வி என்பதால் தட்ட முடியவில்லை.

"எரியும். அது வேற சர்க்யூட்."

"அப்போ எரியுதுன்னு சொல்றதுல என்னய்யா தப்பு?"

மாமா போதகரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "நீ என் வகுப்புல நல்லாத்தான் கவனிச்சிருக்கே" என்றார். அன்றைக்குப் போதகர் என் கடையிலிருந்து கிளம்பியபோது இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தார்.

மனசு தெளிந்துவிட்டது, இனி சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். இரண்டாவது ஓலையும் போயிற்று. கடைசிச் சனிக்கிழமை வந்தது. மூன்று மணிக்கு மூவரும் உட்கார்ந்தார்கள். மாமா முகத்தைத் துடைத்தார், வாயைத் திறந்தார். நடுவில் அவர் மகள், மாமியாரின் அதே மூக்கு, அதே நெற்றி. "கொஞ்சம் தண்ணி" என்றார். தண்ணீர் குடித்து மறுபடி வாயைத் திறந்தார். இன்னொரு டம்ளர் கேட்டார். நாலு மணிக்குள் ஐந்து டம்ளர் ஆயிற்று. என் மனைவி கடிகாரத்தைப் பார்த்து, "நேரமாச்சு" என்றாள். அந்த அம்மா எழுந்தார். கோபமில்லை. "நாளைக்குப் பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார். என் மனைவிகூட விதித் தாளை நாலாக மடித்து வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. எங்கள் சபையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மாமா என் பக்கத்தில். அந்த அம்மா எதிர்ப்பக்கம் மூன்றாவது வரிசையில், என் மனைவிக்கு அருகில். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி. போதகர் ஓலையை வாசித்தார். "மூன்றாம் முறையாகவும் கடைசி முறையாகவும் அறிவிக்கிறோம். தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால்…"

அந்த அம்மாவின் கை முன்பெஞ்சின் முதுகைப் பற்றியதை நான் பார்த்தேன். எழப் போகிறார் என்று தெரிந்தது. அதற்குள் என் பக்கத்தில் பெஞ்சு கிறீச்சிட்டது. மாமா எழுந்து நின்றுவிட்டார்.

சபையே திரும்பியது. ஓலை வாசிக்கும்போது இதுவரை எழுந்து நின்ற ஒரே ஆளும் அவர்தான், அதுவும் இரண்டு தடவை, மற்றவர்கள் கல்யாணத்துக்கு.

"ஐயா, இது உங்க ஓலை…"

"தெரியும். தடை சொல்லல. ஒரு பதில் பாக்கி இருக்கு." சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அவங்ககிட்ட தனியாச் சொல்லியிருக்கணும். அதுக்கு விதியில இடமில்ல. அந்த விதிய எழுதினது நான். வீட்ல சொல்லலாம்னு பார்த்தேன், என் பொண்ணு முகத்தைப் பார்த்தா வாய் வரல. எழுதலாம்னா பேனா ஓடல. அதனால சாட்சிகளோட இங்கயே சொல்லிடறேன்."

பெண்கள் பக்கம் திரும்பினார்.

"இருபத்தேழாவது கேள்வி. இருக்கு."

சபையில் பாதிப் பேர் அந்த வகுப்பில் படித்தவர்கள். இருபத்தேழு என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

"நிறைய இருக்கு. சனிக்கிழமை மூணு மணிக்கு உங்களைப் பார்க்கணும்னா காலைல ஆறு மணிக்கே சட்டையை மாட்டிக்கிறேன். நீங்க சிரிக்கும்போது தலையைப் பின்னால சாய்ப்பீங்க, அதைப் பார்க்கறதுக்காக எனக்குத் தெரிஞ்ச மூணு ஜோக்கையும் திரும்பத் திரும்பச் சொல்றேன். நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு டாக்டர்கிட்ட போனேன். எல்லாம் போட்டுப் பார்த்துட்டு ஒரு வியாதியும் இல்லன்னுட்டார். இதுக்கு ஆசைன்னுதான் பேர்னா, இருக்கு. இந்த வயசுல இருக்கு. நான் வெட்கப்படல."

ஆர்கன் வாசிப்பவருக்குக் கை தவறி ஒரு கட்டை 'பாங்' என்று அலறியது. பின்வரிசையில் யாருடைய பாட்டுப் புத்தகமோ கீழே விழுந்தது. நான் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வெட்கப்படவில்லை என்று சொன்னது மட்டும் பொய். கழுத்தெல்லாம் சிவந்து, வியர்த்து, முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் உட்காரவில்லை.

அந்த அம்மா எழுந்தார். கைப்பை கீழே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

"கேட்டுச்சு" என்றார். அப்புறம் வேறு என்னவோ சொல்ல வந்து, சொல்லாமல், "உட்காருங்க. போதகர் இன்னும் முடிக்கல" என்றார். எதற்கும் அசராத அந்த அம்மா வெட்கப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வேறு தடை எதுவும் இல்லை" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போதகர் அவசர அவசரமாக எழுதிக்கொண்டார். முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு சபையே சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை. இருபது வருடமாக 'தேவ சித்தத்தின்படி' எழுதியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பு.

ஆராதனை முடிந்து வாசல் படியில் மாமா கைகுலுக்கி ஓய்ந்து நின்றபோது என் மனைவி அவரிடம் போனாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அம்மாகிட்ட இந்த மாதிரி சொல்லியிருக்கீங்களாப்பா? ஒரு தடவையாவது?"



"இல்லம்மா. அவளுக்குத் தெரியும்னு நினைச்சேன். முப்பத்தொரு வருஷம் கூடவே இருந்தாளே."

"தெரியாதுப்பா. ஆஸ்பத்திரியில இருந்தப்போ என்கிட்ட கேட்டாங்க. உங்கப்பாவுக்கு என்னைப் பிடிக்குமா, உனக்கு ஏதாவது தெரியுமான்னு."

"நீ என்ன சொன்னே?"

"தெரியலம்மான்னு சொன்னேன்."

மாமா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். லிஃப்ட் கயிறுகளை இழுத்து இழுத்துக் காய்ப்பேறிய இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். பல்செட் அம்மா வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நடுவில் யாரும் இல்லை. என் மனைவி பார்த்தாள், விதி எதையும் சொல்லவில்லை. குனிந்து அப்பாவின் சட்டைக் காலரைச் சரி செய்தாள். "உங்கம்மா மேலயும் இருந்துச்சும்மா. நிறைய இருந்துச்சு" என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "சரிப்பா" என்றாள்.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் தேவ சித்தத்தின்படின்னுதானே எழுதினீங்க?"

"நீயும்தானே எழுதினே."

"அதான் கேக்கறேன். இப்போ சொல்லுங்க."

படிக்கட்டில் பாதிச் சபை நின்றுகொண்டிருந்தது. என் கடைக்கு வாடிக்கையாக வருகிறவர்களே ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்று வாய் வரை வந்தது. மாமா படியில் உட்கார்ந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அங்கேயே சொன்னேன்.